மிளகாய் எடுத்த பாண்

வீட்டில் நான் செய்த வியட்நாம் பாணின் படத்தை முகநூலில் பார்த்துவிட்டு, அதைச் செய்யப் பழகிப்போக வந்திருந்தார் கரவெட்டியிலிருந்து ஒரு தோட்டக்காரர். நெடிய மனிதர். கால் நகங்களுக்குள் தோட்டத்து மண். எதை எடுத்தாலும் முதலில் மணந்து பார்த்தார். வினாகிரியில் ஊறிய கரட்டை, கொத்தமல்லி இலையை, சுடச்சுட மொறுமொறுவென்று இருந்த றோஸ் பாணைக்கூட. ஒன்றையும் வாயில் வைக்கவில்லை.

"ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கோ ஐயா."

"வேண்டாம் பிள்ளை. நாளைக்கு மகன்ரை ஆட்டைத்திவசம், அவன் போய் ஒரு வருசம். வியட்நாமுக்கு வேலைக்குப் போன இடத்திலை மோசம்போனவன். கடைசியாய்க் கதைக்கேக்கை உந்தப் பாணைத்தான் 'நல்லாயிருக்கப்பா' எண்டு சொன்னவன். அவனுக்குப் படைக்க முதல் நான் என்னெண்டு வாய் வைக்கிறது?"

பாணைப் பிளந்து, கரட்டைப் பரப்பி, மேலே பச்சைமிளகாயை வெட்டி வைத்தேன். அவர் குனிந்து அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்.

"அவனுக்குச் சின்னனிலையிருந்தே உறைப்பு ஆகாது."

"அங்கை மிளகாய் வைச்சுத்தான் குடுப்பினம் ஐயா."

அவருடைய கை அப்படியே நின்றது.

"அப்ப அங்கை ஆர் பிள்ளை அவனுக்கு உந்த மிளகாயை எடுத்துவிட்டது?"