மருமகன் வெட்டிய வேலி

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். மருமகன் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் நான் அவர் முகம் பார்த்து ஒரு வார்த்தை கதைத்ததில்லை. மாமி மருமகனோடு நேரே கதைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவள் நான். தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட மகள்தான் இடையில் ஓடுவாள்.

அன்று மகள் என் தங்கையோடு கிளினிக்குக்குப் போயிருந்தாள். நிறைமாதம். பிள்ளை வரும் வீடு துப்புரவாக இருக்கட்டும் என்று மருமகன் கத்தியோடு வேலிக்குப் போனார். நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதல் வெட்டே நொச்சியில் விழுந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் இலை அவித்த தண்ணீரில்தான் குளிப்பு. நொச்சி, பாவட்டை, ஆடாதோடை மூன்றும் அந்த வேலியில் நின்றன. மற்ற வளவுகளில் மதில் எழும்பிவிட்டதால், ஒழுங்கையில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் எங்களிடம்தான் வருவார்கள். என் மகளுக்கே இல்லாமல் போகப் போகிறதே! கூப்பிட வாய் வரவில்லை. இருமினேன். அவர் இன்னும் வேகமாக வெட்டினார். சட்டியை நங்கென்று வைத்தேன். பாவட்டையும் சாய்ந்தது. வேலை சுணங்குகிறதென்று மாமிக்குக் கோபம் என நினைத்தாராம்.

ஆடாதோடையில் கை வைத்ததும் என் மரியாதை பறந்தது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"மகன், கத்தியக் கீழ வைங்க."

வைத்துவிட்டார், பாவம்.

"வேரோட புடுங்கினீங்களா?"

"இல்ல மாமி, அடி இரிக்கி. நொச்சி நெல்லுக்குள்ள பூச்சிக்குப் போடுறதுதானே? இஞ்ச நெல் இல்லயே எண்டு வெட்டினன்."

அவர் வரிப்பத்தான்சேனை ஊரில் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. நெல்லுக்கு நொச்சி போடுவது எனக்குத் தெரியாது. பிள்ளை பெற்றவளுக்கு அவிப்பது அவருக்குத் தெரியாது.

"அது உங்கட பொஞ்சாதி குளிக்கிற மருந்து" என்றேன்.

மனிதர் அப்படியே மண்ணில் குந்திவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து யாரால் கோபப்பட முடியும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடி இருந்தால் துளிர்க்கும். வெட்டிய இலையை நிழலில் காயவைத்தால் குளிப்புக்கு உதவும். இருவரும் குவியலைக் கிளறி இலைகளைப் பிரித்தோம். கசக்கி மணந்து பார்க்கச் சொன்னேன். அவர் தும்மிக்கொண்டே மணந்தார்.

கிளினிக்கால் வந்த மகள் வேலிப் படலையடியில் அசையாமல் நின்றாள்.

"இதெல்லாம் எனக்கு ஒருநாளும் சொல்லித் தரல்லயே உம்மா."

"நீ ஒருநாளாவது வேலிய வெட்டினியா புள்ள?"

சொல்லிவிட்டேனே தவிர, நெஞ்சில் சுருக்கென்றது. வேலியோடு வளர்ந்தவள்தானே, தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கொத்தை எடுத்துக் கசக்கினாள்.

பேத்தி பிறந்தாள், அல்ஹம்துலில்லாஹ். முதல் இலைக் குளிப்பன்று மருமகன்தான் அடுப்படியில் தண்ணீர் வைத்தார். நான் மகளோடு அறைக்குள் இருந்தேன். ஆவியின் மணம் அறைவரை வந்தது. நல்ல மணம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், கட்டிலில் கிடந்த மகள் மூக்கைச் சுளித்தாள்.

"நொச்சி காணாது உம்மா. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க."

மணந்து பார்த்தேன். காணாதுதான்.