டயருக்கு மேலே நான்கு விரல்

மறைந்த அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி அண்ணி கேட்டுக்கொண்டார். உறவினர்களே, நண்பர்களே, அவர் தவறான ஆளிடம் கேட்டுவிட்டார். அண்ணனைப் பிறர் புகழக் கேட்டு வயிறெரிந்தே வளர்ந்தவன் நான்.

கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் அண்ணன் பிறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, அவருடைய பழைய சட்டைகளைப் போடுவதற்காக நான் பிறந்தேன். அப்பா சீக்கிரமே தவறிவிட, பதினைந்து வயதில் அவர் பால்மரம் வெட்டப் போனார். என்னைப் படிக்க வைத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய பிக்கப்பும் டிரெய்லரும் வாங்கி, சிறு தோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு இழுக்கத் தொடங்கினார்.

குலைகளைப் பின்பக்கமாக எறிந்து குவிப்பது சுலபம். அண்ணனோ டிரெய்லரில் ஏறி, கனத்த குலைகளை முன்பக்கம் தள்ளுவார். பிறகு கீழே குந்தி, பிக்கப்பின் பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைப்பார். காலி வண்டியில் ஆறு விரல் போகும். முன்பாரம் கொக்கியை அழுத்தி, நான்கு விரலாகத் தாழ்ந்தால்தான் புறப்படுவார். இறக்கத்தில் இரண்டாம் கியர்தான். பின்னால் எத்தனை கார் ஹாரன் அடித்தாலும் சரி.

"ஒங்க அண்ணன் ஓட்டுனா கண்ண மூடிக்கிட்டு ஒக்காரலாம்லா," என்பார் தோட்டத்தில் கங்காணியாக இருந்து, சொந்தமாக மூன்று ஏக்கர் வைத்திருந்த மண்டோர் மாமா.

"நான் ஓட்டுனா அதே நேரத்துல ரெண்டு நடை அடிப்பேன், மாமா."

"கண்ணத் தொறந்து வச்சிக்கணுமா தம்பி?"

அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக ரவாங் போன நாளில், கேட்காமலே சாவியை எடுத்தேன். மாமாவின் குலைகளைப் பின்னால் குவித்தேன். முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினேன். பின் டயரில் விரல் வைக்கவில்லை. வைத்திருந்தால், பின்பாரம் பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கியதில் ஏழு விரல் போயிருக்கும்.

பத்தாங் பெர்ஜுந்தை சாலை இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது.

"தம்பி, பின்னால யாரோ ஆட்டுறாங்கடா," என்றார் பக்கத்தில் இருந்த மாமா.

"ரோடு அப்படி, மாமா."

எதிரே தோட்டத்துப் பெண்கள் மூவர் சைக்கிளில் வந்தார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்திருக்க வேண்டும். நான் பிரேக்கில் ஏறி நின்றேன். டிரெய்லரின் மூக்கு கொக்கியை விட்டுத் துள்ளியது. அடியில் குறுக்காக மாட்டியிருந்த இரண்டு சங்கிலிகள் அதைத் தாங்கிக்கொண்டன. அந்தப் பெண்களுக்கு ஒரு முழம் முன்னால் டிரெய்லர் நின்றது. குலைகள் மட்டும் வாய்க்காலுக்குள் உருண்டன.

சங்கிலியை நான் மாட்டவில்லை. சங்கிலி என்று ஒன்று இருக்கும் நினைப்பே எனக்கு இல்லை.

மாலையில் திரும்பிய அண்ணன், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரவாங்குக்குக் கெளம்பறதுக்கு முன்னால நாந்தான் மாட்டிட்டுப் போனேன். நீ எடுப்பேன்னு தெரியும்."

"அப்ப ஏன்ணே சொல்லல?"

"சொல்லியிருந்தா வீம்புக்குச் சங்கிலியையும் கழட்டியிருப்ப."

கழற்றித்தான் இருப்பேன். மாமாவிடம் அவர், "கொக்கி தேஞ்சிருச்சு மாமா, நான் பார்த்திருக்கணும்," என்றார். பழியில்கூட எனக்குப் பங்கு தராத மனிதர். அடுத்த வாரம் என்னைக் குலைகளை முன்னால் தள்ள வைத்து, சாவியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஆலை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டார். உண்மையில் தூங்கினாரா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

நாற்பத்தாறு வயதில் சிறுநீரகம் அவரைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனைக்கு முறை வைத்து வந்தவர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த லயத்து அக்காமார்களுக்கும், தொண்ணூறு வயதுக்காரர்போல் நடந்து வந்து நின்ற மண்டோர் மாமாவுக்கும் குடும்பத்தார் கைகூப்புகிறோம். இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்தைக் கண்டபோதும் எனக்குப் பொறாமைதான். எனக்கு இதில் பாதி வருமா?

அன்று பெட்டியை வேனில் ஏற்றியதும் நான் பின் சக்கரத்தருகே குந்திவிட்டேன். துக்கம் தாங்காமல் விழுந்துவிட்டேன் என்று நினைத்து நாலு பேர் ஓடிவந்து தூக்கினீர்கள். அதற்கும் நன்றி. ஆனால் நான் விழவில்லை. விரல் வைத்துப் பார்த்தேன்.

நான்கு விரல். போகச் சொன்னேன்.