கடல் தண்ணீரில் விரிந்த அடம்பம்பூ

வாட்டர்கலர் கட்டியின் மேல் முதல் சொட்டுத் தண்ணீர் விழும்போது மெல்லிதாக ஒரு வாசனை வரும். அதோடு கரையில் காயும் நெத்திலியின் வாடையும் சேர்ந்துகொண்டால்... எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்தில் ப்ளோரா உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

ப்ளோராவும் நானும் தூத்துக்குடி ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் அடுத்தடுத்த மேஜை. அவள் டைப் அடிப்பாள். நான் கப்பலில் எந்தக் கன்டெய்னர் எங்கே உட்கார வேண்டும் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவேன். கம்ப்யூட்டர் எல்லா மேஜைக்கும் வந்து சேராத காலம்.

வாரம் முழுக்கக் கட்டம் போட்ட கை, ஞாயிற்றுக்கிழமை பூ வரைந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. இதழெல்லாம் ஒரே அளவு. காம்பு ஸ்கேல் வைத்த மாதிரி நேர்.

"ஏளா செல்வி, இது பூவா, கப்பல் ப்ரொப்பெல்லரா?" என்பாள் ப்ளோரா.

கோபம் வரும். ஆனால் படத்தைத் திரும்பப் பார்த்தால் அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அவள் வரைவதைப் பார்க்க வேண்டுமே... பிரஷ்ஷை வால் நுனியில் பிடிப்பாள். கண் பூவிலேயே இருக்கும், பேப்பரைப் பார்க்கவே மாட்டாள். திடீரென்று பிரஷ்ஷைப் போட்டுவிட்டு விரலால் தேய்ப்பாள். பனை ஈர்க்கைக் கடித்து நார்நாராக்கி அதைக் கலரில் முக்குவாள். பாதிப் படம் கெட்டுப்போகும். கெட்ட பேப்பரையே கீழே விரித்து, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடுத்ததை ஆரம்பிப்பாள். யாரிடமும் போய்ப் படித்தவள் இல்லை. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ, இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

நாங்கள் வரைந்தது அடம்பம்பூ. கடற்கரை மணலில் கொடியாகப் படர்ந்து கிடக்குமே, ஆட்டுக்குளம்பு மாதிரி இலையும் ஊதாப் பூவுமாக... அதுதான். காலையில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அதற்குள் வரைந்து முடிக்க வேண்டும்.

அந்த வருஷம் ப்ளோராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அவளும் போகிறாள். ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து குக்கர் வாங்கித் தரலாம் என்று பேச்சு ஓடியபோது, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீ எனக்குக் குக்கர் கிக்கர் ஒண்ணும் தர வேண்டாம். உன் கையால ஒரு அடம்பம்பூ போட்டுத் தா. உசுரோட இருக்கணும், பாத்துக்கோ. ப்ரொப்பெல்லரையெல்லாம் நான் மஸ்கட்டுக்குத் தூக்கிட்டுப் போக மாட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. அவளுக்குக் கொடுக்க ஒன்றே ஒன்று, அதையும் என் கை தர மாட்டேன் என்கிறதே... ஞாயிறு ஞாயிறாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசியில் மிஞ்சியது கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு மட்டும்.

அன்றைக்கு முதல் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேரே கரைக்கு வந்தாள். பூசையில் சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது அவள் வீட்டில் கண்டிப்பு. வந்த வேகத்தில், கலர் கரைக்க நான் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துத் தீர்த்துவிட்டாள். நான் கத்திய பிறகுதான் காலி பாட்டிலைப் பார்த்தாள்.

"அய்யோ... சரி விடு. எதிர்ல இம்புட்டுத் தண்ணி கெடக்குல்லா?"

கடலில் பாட்டிலை முக்கி எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள்.

உப்புத் தண்ணீரில் கரைந்த கலர் என் பேச்சைக் கேட்கவில்லை. சீக்கிரம் காயவும் மாட்டேன் என்றது. ஒரு இதழுக்குப் பக்கத்தில் அடுத்ததை வைத்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஓடின. துணியால் ஒற்றி எடுக்கப் போனேன். ப்ளோரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டும்ளா. அது எங்கன போவுதுன்னு பாரு. பொறவு நீ போ."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூக்கள் ஓரத்தில் சுருங்க ஆரம்பித்துவிட்டன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று பேப்பரைச் சாய்த்துப் பிடித்தேன். ஊதா தன் பாட்டுக்கு இறங்கியது. இறங்கிய இடத்தில் ஒரு இதழ்... ஒரு பக்கம் கிழிந்த மாதிரி, மறுபக்கம் காற்றில் மடிந்த மாதிரி. இலைக்குப் பிரஷ்ஷே எடுக்கவில்லை, பெருவிரலைப் பச்சையில் தோய்த்து அழுத்தினேன். காற்று கொஞ்சம் மணலை அள்ளி அதன் மேல் போட்டது. அதையும் துடைக்கவில்லை.

ப்ளோரா குனிந்து படத்தைப் பார்த்தாள். பிறகு முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதக் கொண்டு போவேன்," என்றாள்.

ஈரம் காயாத படத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இப்போது என்னிடம் நல்ல பிரஷ் இருக்கிறது, தடித்த பேப்பர் இருக்கிறது, தண்ணீருக்கென்று தனி டப்பாக்கள் இருக்கின்றன. "எவ்ளோ ஃப்ரீயா வரையுறீங்க" என்று என் படங்களுக்கு நீங்கள் இங்கே கமென்ட் போடும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான். அந்தப் பாராட்டில் பாதி அவளுக்குச் சேர வேண்டியது. இல்லை... முக்கால்வாசி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் அதே கரைக்குத்தான் போகிறேன், தனியாக. வீடியோ காலில் பூவைக் காட்டலாம் என்றால் மஸ்கட்டில் அவளுக்கு ஞாயிறு வேலை நாள். அவள் போனை எடுக்கும் நேரத்துக்கு இங்கே பூ சுருங்கிவிடும். அதனால் வரைந்து, ஈரத்தோடு போட்டோ எடுத்து அனுப்பிவைப்பேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வரும். போன ஞாயிறும் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பயந்து பயந்து போட்டிருக்கெ. நான் பக்கத்துல இல்லன்னு தெரியுதுளா."