ரஸீன் நானா ஓட மறுத்த இரண்டாவது ட்ரிப்

சென்ற வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருபது. டிப்போ முற்றத்தில் பதினொரு பேர் நின்றிருந்தோம். டைம்கீப்பர் வெளியே வந்து, "சாரதி ரஸீன் மௌத்தாகிட்டாராம். வீட்டிலயாம், நெஞ்சு வலி" என்றார். மரணச் செய்தி முடிவதற்குள் அலுவலக ஜன்னலிலிருந்து கேள்வி வந்தது: "அப்ப புதன்கிழமைக்கு ஆரு?"

புதன்கிழமை புகையிரதத் தொழிற்சங்கங்களின் பணிப்பகிஷ்கரிப்பு; ரயில் ஓடாது. ரயில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களையும் அன்று நம் பஸ்களே ஏற்றவேண்டும். சாரதிகளுக்கு லீவு இல்லை. வழக்கமான ட்ரிப்புக்கு மேல் இன்னொன்றும் ஓட வேண்டும்.

எங்களுக்கெல்லாம் அண்ணன் போன்ற ரஸீன் நானா இதில் எங்கே நின்றார் என்பது டிப்போவுக்கே தெரியும். போன பணிப்பகிஷ்கரிப்பின்போது கல்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் தன் காலை பஸ்ஸை ஓட்டினார். திரும்பி வந்ததும் சாவியை மேசையில் போட்டு, இரண்டாவது ட்ரிப் ஏலாது என்றார். நிர்வாகம் முறைத்தது. காலையில் ஓடியதற்காக ரயில்வே நண்பர்களும் முறைத்தார்கள்.

அன்று நானும் அந்த பஸ்ஸில் போனேன். பாலாவியில் ஏறிய ஒருவர் ரயில்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். "சோம்பேறிக் கூட்டம்!" நானா கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "அந்தச் சோம்பேறி ஒரு நாள் வராததுக்குத்தான் நீங்க என்ட கியருக்கு மேல குந்திக்கொண்டு வாறீங்க." பஸ்ஸே சிரித்தது. திட்டியவரும் சிரித்துவிட்டார்.

வேர்க்ஷொப் தொழினுட்பவியலாளனான எனக்கு அவர் கணக்குப் பிடிபடவில்லை. சாப்பாட்டு வேளையில் நேரே கேட்டேன். "ஓடுறதெண்டா முழுக்க ஓடுங்க, நிக்கிறதெண்டா முழுக்க நில்லுங்க. இதென்ன அரைகுறை?"

பாண் துண்டைப் பருப்பில் தொட்டுக்கொண்டே சொன்னார்: "எஞ்சினியர் தொர, நீங்க சுவிட்ச் பாக்குற ஆள். ஒன், ஓஃப் ரெண்டுதான் தெரியும். காலை பஸ்ல கிளினிக்குப் போற சனம் வருது. அது என்ட வேல. ரெண்டாவது ட்ரிப் ரயில் ஓட்டுற கோச்சிக்காரன்ட வேல. அவன் கேட்டதக் குடுக்காம, அவன்ட வேலய என்னக் கொண்டு செய்விக்கப் பாக்கிறாங்க."

இந்த முறை மேலதிக ட்ரிப்புக்கு, கழுவுமிடத்தின் பின்னால் கிடக்கும் பழைய பஸ்ஸை அவருக்கு ஒதுக்கினார்கள். நான் சோதித்தேன். பிரேக்கில் காற்றுக் கசிவு. பின் சக்கரத்தின் பிரேக் லைனிங் தேய்ந்து முடிந்துவிட்டது. மாற்ற உதிரிப்பாகம் இல்லை. சனம் நிறைந்த பஸ்ஸை அந்த பிரேக் பிடிக்காது. "ஒரு நாளைக்குத்தானே, சைன் பண்ணும்" என்றார் டிப்போ பொறுப்பாளர்.

வியாழக்கிழமை நானா வந்து பெடலை மிதித்துப் பார்த்தார். "நான் மட்டும் ஏலாதெண்டா, ஸ்ட்ரைக்குக்கு வால் புடிக்கிறான் எண்டு செல்லுவாங்க. நீ மட்டும் செல்லினா, பொடியனுக்கு என்ன தெரியும் எண்டுவாங்க. திங்கக்கிழம ரெண்டு பேரும் பொறுப்பாளரிட்ட போய்ச் செல்லுவோம்."

மறுநாள் காலை அவர் இல்லை. அந்தப் பழைய பஸ்ஸை இப்போது இளம் சாரதி அஸ்லமுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மறுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பஸ் வெளியே போக என் கையெழுத்து வேண்டும்.

நானா இரண்டு ட்ரிப்புகளுக்கு நடுவே போட்ட கோட்டை நான் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அவர் இருந்தால் சண்டை பிடிப்பேன். ஆனால் கொடுத்த வேலையில் எது தன் வேலை என்று நின்று பார்க்கும் அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆகவே:

1. அஸ்லமிடம் முதலில் சொல்வேன்: மறுப்பது நான், நீ இல்லை.

2. திங்கட்கிழமை பொறுப்பாளரிடம் தனியாகப் போவேன். பஸ் ஓடத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுப்பேன்.

3. அவர் வேறு யாரிடமாவது கையெழுத்து வாங்கப் பார்த்தால், அந்த லைனிங்கைக் கழற்றிக் கொண்டுபோய் அவர் மேசையில் வைப்பேன். பிறகு நடப்பது நடக்கட்டும்.

4. புதன்கிழமை நானாவின் காலை பஸ் போகும். யார் ஓட்டினாலும் புறப்படும் முன் நான் சோதிப்பேன்.

5. மறுநாள் வியாழக்கிழமை லீவு எடுப்பேன். நானாவின் ஊரான குறிஞ்சிப்பிட்டிக்குப் போய் அவர் பிள்ளைகளோடு இருப்பேன். ஜனாஸா அடக்கத்தில் எனக்கு அழுகை வரவில்லை. பிரேக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டு நின்றேன்.