முழங்கை வரை வெள்ளை மண்

பொய் சொன்னால் வாயில் புண் வரும் என்று அம்மா சொல்வாள். எனக்கு ஒரு தடவையும் வந்ததில்லை. அதனால் பத்து வயதில் பொய் எனக்குச் சுலபமாக வந்தது.

ஊரின் தங்க மைன் மூடிய பிறகு அப்பா விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போக ஆரம்பித்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, ரயில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். கல்லைத் தவிர வேறு எதையும் தொட்டு அவருக்குப் பழக்கமில்லை. எங்கள் ஊர் கோரமண்டலுக்கு வெளியே ஒரு மேட்டில், டைல்ஸ் கம்பெனிகளுக்குக் கல் எடுக்கும் குழி இருந்தது. மாமா அதில் இறங்கிக் கல் வெட்டினார். மேலே வந்து விழும் கல்லை அம்மா நிறம் பார்த்துப் பிரித்தாள்.

அந்தக் கல் எப்படி உண்டாயிற்று என்பதை மாமா எனக்குக் கல்கண்டை வைத்துச் சொன்னார். எந்தக் காலத்திலோ பாறை வெடிப்புக்குள் பாகு மாதிரி கொதித்துக்கொண்டு புகுந்ததாம். ஓரம் சீக்கிரம் ஆறியதால் அங்கே சர்க்கரை போலப் பொடிக்கல். உள்ளே போகப் போக நிதானமாக ஆறியதால், ஏடு ஏடாகப் பிரியும் காக்காப்பொன். அதற்கும் உள்ளே தலையணை அளவுக்குச் சிவப்புக் கல், டைல்ஸுக்கு வேண்டியது அதுதான். எல்லாவற்றுக்கும் நடுவில், கடைசியாக ஆறியது வெங்கச்சங்கல். வெள்ளை வெளேரென்று ஒரே கட்டி, லாரி அளவு இருக்கும். சுற்றியிருந்த சிவப்புக் கல்லை எடுக்க எடுக்க, அது மட்டும் குழியின் ஒரு பக்கம் கூரை போலத் துருத்திக்கொண்டு நின்றது.

மைனில் மாமாவின் காதுக்குத் தனி மரியாதை உண்டு. ஒவ்வொரு ஷிப்டிலும் முதலில் போய், தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிக் கேட்பவர் அவர். 'டங்' என்றால் கெட்டி. 'பொத்' என்றால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். அந்தக் காதை நம்பிப் பூமிக்கடியில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள் எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர். குழியிலும் அதே கம்பிதான். காலையில் வெங்கச்சங்கல்லைத் தட்டிக் கேட்காமல் அதன் அடியில் குனிய மாட்டார்.

பிள்ளைகள் குழிக்குள் இறங்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இரண்டு நாள் பெய்த மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளி முடிந்து நான் அம்மாவிடம் வந்தேன். மாமா டீ குடிக்கப் போயிருந்தார். அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காக்காப்பொன் பொறுக்க நான் இறங்கிவிட்டேன்.

வெங்கச்சங்கல்லுக்கு அடியில், பின்பக்கமாக, அது உட்கார்ந்திருந்த சிவப்புக் கல் வெளுத்துப் போயிருந்தது. கை வைத்தேன். கொழுக்கட்டை மாவு போல வழவழவென்று உள்ளே போயிற்று. முழங்கை வரை போயிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். அள்ளி எடுத்து ஒரு யானை செய்து, காக்காப்பொன்னால் காது வைத்தேன்.

மேலே ஏறி வந்ததும் அம்மா என் கையைப் பார்த்துவிட்டாள். ஸ்கூலில் போர்டு துடைத்தேன், சாக்பீஸ் என்றேன். டீ குடித்துவிட்டு வந்த மாமா சிரித்தார்.

"இன்னா பாப்பா, அதுக்குள்ள டீச்சர் ஆயிட்டியா?"

மறுநாள் ஞாயிறு. லாரி வருகிறதென்று லீவு இல்லை. நான் அம்மா பக்கத்தில் இருந்தேன். மாமா கம்பியால் தட்டியது மேலே எனக்கே கேட்டது. டங்.

"கேட்டியாக்கா, கோயில் மணி மாதிரி கீது" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.

கல் விழுந்தபோது பெரிய சத்தம்கூட வரவில்லை. யாரோ கனமாக உட்கார்ந்தது போல இருந்தது. அம்மா வெறும் கையால் மண்ணைத் தோண்டினாள். ஜேசிபி வந்து கல்லைத் தூக்க மத்தியானம் ஆகிவிட்டது. வெங்கச்சங்கல்லில் ஒரு கீறல் இல்லை. மாமாவின் காது கடைசி வரை பொய்க்கவில்லை. கல் எதன்மேல் நிற்கிறது என்று மைனில் அவர் கேட்க வேண்டியிருந்ததில்லை, அங்கே கீழேயும் பாறைதான். வெயிலும் மழையும் பட்டுப்பட்டுச் சிவப்புக் கல் மண்ணாகிப் போகும் என்பதை, பூமிக்குள்ளேயே இருந்த மனிதர் எங்கே பார்த்திருப்பார்?

அவ்வளவு ஆழம் போய்த் திரும்பியவன் இரண்டாள் உயரக் குழியில் போய்விட்டானே என்று ஊர் பேசியது. எனக்கு அந்தப் பொய்தான் உறுத்தியது. செத்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் அம்மாவிடம் போய், அன்றைக்குக் கையில் இருந்தது சாக்பீஸ் இல்லை, குழியில் இறங்கி அந்தக் கல்லுக்கு அடியில் மண் எடுத்தேன், யானை செய்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா என்னைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கை எவ்ளோ தூரம் உள்ள போச்சு?"

நான் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். அம்மா அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வலித்தது. வெகு நேரம் விடவில்லை.

"இத யார்கிட்டயும் சொல்லாத. அப்பாகிட்டகூட."

அடி விழவில்லை, திட்டும் இல்லை. பொய்யை அம்மா மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, நான் விளையாட ஓடிப்போனேன்.