நன்னடத்தைக்கு எண்பது மார்க்

பிள்ளைகள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்ப்பது ஆசிரியர் வேலை. அவர்களை ஒழுங்காக வைக்கும் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. படிவம் நிரப்பியே காலம் தள்ளும் சக பாவிகளே, இந்த அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

திட்டம் இதுதான். திட்டுவதைக் குறைத்து, நல்லது செய்கிற பிள்ளைக்கு ஒரு பச்சைச் சீட்டு கொடுத்துப் பாராட்ட வேண்டும். நான் போய்ப் பார்த்து மார்க் போடுவேன். எண்பதுக்குக் கீழே போனால் அந்தப் பள்ளியில் திட்டம் நிற்கும். அதோடு அதற்கென்று ஒப்பந்தத்தில் போட்ட ஆசிரியரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கண்டரமாணிக்கத்தைத் தாண்டி ஒரு பள்ளியில் அந்த ஆசிரியர் ஜெசிந்தா டீச்சர். இரண்டு பிள்ளைகள், அவர் சம்பளத்தில் ஓடுகிற வீடு. இதெல்லாம் தெரிந்துவிட்டால் மார்க் போடுகிற கை சும்மா இருக்குமா? எனக்கோ உட்கார்ந்த இடத்தில் கால் ஆடும். காரைக்குடியில் பஸ் ஏறும்போதே படிவத்தை நாலு தடவை புரட்டிவிடுவேன்.

கூட்டுத் தொழில்

முதல் தடவை போனபோது மைதானத்தில் ஒரு காகிதம்கூட இல்லை. பூரித்துப்போய் எழுதப் போனேன். அப்போது வேப்பமரத்தடியில் ஆறாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் கண்ணில் பட்டார்கள். ஒருத்தி காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். மற்றவள் ஆசிரியர் அந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்து, குனிந்து பொறுக்கிச் சீட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த தடவை இவள் போட்டாள், அவள் பொறுக்கினாள்.

கூப்பிட்டு விசாரித்தேன். ஒருத்தி கொஞ்சமும் பயப்படாமல் சொன்னாள்: "நான் போட்டா அவ எடுப்பா, அவ போட்டா நான் எடுப்பேன். காயத்ரி எங்க கூடச் சேரலை சார், அதான் அவகிட்ட ஒரு சீட்டுகூட இல்ல."

ஆய்வு நாள் சுற்றுலா

இதை ஜெசிந்தா டீச்சரிடம் சொன்னேன். சிரித்தார். அப்புறம் யோசித்து, சீட்டையே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு பேசியே பார்க்கட்டுமா என்று கேட்டார். தாராளமாகச் செய்யுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

இரண்டாவது தடவை போனால் பள்ளிக்கூடம் அநியாயத்துக்கு அமைதியாக இருந்தது. வகுப்பு வகுப்பாக எழுந்து போய்ப் பார்த்தேன். கடைசி பெஞ்சுகள் எல்லாம் காலி. தலைமை ஆசிரியர் பெருமையாக விளக்கினார்: சேட்டைக்காரப் பயல்களை மொத்தமாக வேனில் ஏற்றித் திருக்கோஷ்டியூர் கோயிலுக்கு அனுப்பிவிட்டாராம். நான் நிம்மதியாக ஆய்வு செய்யவேண்டுமாம்.

ஜெசிந்தா டீச்சர் வாசல் வரை கூடவே வந்தார். இன்னொரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வரச் சொன்னார். "இந்த வருசம் பூரா அவனுகளோடதான் சார் மல்லுக்கட்டுனேன். அவனுகளைப் பாக்காம வேற எதைப் பாத்துட்டுப் போறீக?"

சாம்பார் வரிசை

சொல்லாமல் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். கோயிலுக்குப் போன கூட்டம் வரிசையில் முன்னால் நின்றது. பின்னாலிருந்த சின்னப் பெண் ஒருத்தி தட்டை வாங்கித் திரும்பும்போது தடுக்கி, சாம்பாரைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டாள். சிரிப்பும் அடிதடியும் கிளம்பும் என்று எழுந்து நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவன் தன் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனான். இன்னொருவன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். பக்கத்தில் ஆசிரியர் யாரும் இல்லை.

பிறகு முறைப்படி பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். பள்ளியின் விதிகள் என்ன? விழித்தார்கள். சமீபத்தில் சீட்டு வாங்கினீர்களா? இல்லை. கூட்டிப் பார்த்தால் அறுபத்தெட்டு. விதியைத்தான் டீச்சர் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை, சரி. சீட்டு நின்றது என் வாயால். பதறிப்போய் நெட்டையனைப் பிடித்து, எந்த விதிப்படி தட்டைக் கொடுத்தாய் என்று அடியெடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அவ சட்டையெல்லாம் சாம்பார் சார். இதுக்கு எதுக்கு விதி?"

மறு ஆய்வு

பார்த்ததையெல்லாம் படிவத்தின் குறிப்புப் பகுதியில் எழுதினேன். அந்தப் பகுதியைக் கம்ப்யூட்டர் எடுக்காது என்றார்கள் அலுவலகத்தில். வேண்டுமானால் ஒரே ஒரு மறு ஆய்வு உண்டு. ஆளுக்கொரு சீட்டாவது கொடுத்து வையுங்கள் என்று டீச்சரிடம் சொன்னேன், முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வியாழன் போனேன். பத்துப் பிள்ளைகள் கையிலும் பச்சைச் சீட்டு. அப்பாடா என்றிருந்தது. அடுத்த கேள்வி, சீட்டு எதற்காகக் கிடைத்தது என்பது. உதவி, பொறுமை, உண்மை என்று மூன்று கட்டம் இருக்கும். ஒன்றாவது தேற வேண்டும். பத்துப் பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: ஆய்வுக்காக. கட்டம் எல்லாம் காலியாகக் கிடந்தது. வெளியே ஓடி, ஏதாவது ஒரு காரணம் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று டீச்சரிடம் கோபப்பட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் அசரவில்லை. "எதுக்கு டீச்சர் சீட்டுன்னு பிள்ளைக கேட்டுச்சுக. ஆய்வுக்குன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லக் கூடாதுன்னு வருசம் பூரா சொன்ன வாய் சார் இது, வேற என்ன சொல்லச் சொல்றீக?"

உள்ளே போய்ப் பத்துப் பேருக்கும் 'உண்மை' கட்டத்தில் டிக் அடித்தேன்; மார்க் எண்பதைத் தாண்டியது, டீச்சர் வேலையில் இருக்கிறார், மார்க் போடுகிறவனுக்கு மார்க் போட யாராவது கிளம்பி வந்துவிடுவார்களோ என்றுதான் திங்கட்கிழமை தோறும் அலுவலக வாசலை எட்டி எட்டிப் பார்க்கிறேன்.