கேக் கொடுத்தால் குட்டி இல்லை

ராயபுரத்தில் ரயில்வே யார்டை ஒட்டிய எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு சட்டைக்கார அம்மாள் இருந்தார். ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ரயில்வே கார்டாக இருந்த கணவர் இறந்த பிறகு, வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டுகள் உள்ள டெரியர் நாய்களை வளர்த்து, குட்டிகளை விற்றுக் காலம் தள்ளினார். தண்டையார்பேட்டை அரிசிக் கிடங்குக்காரர்கள் எலிகளுக்குப் பயந்து வருவார்கள். கப்பல் ஆட்கள் வருவார்கள். மோட்டார் வைத்திருப்பவர்கள் அழகுக்காக வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் குட்டி இல்லாமல்தான் திரும்பினார்கள். ஆனாலும் அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டி ஒருவர்கூட முகம் சுளித்து வந்து நான் பார்த்ததில்லை. இது எப்படி என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

அது விளங்கியது என் மனைவிக்கு விஷக்காய்ச்சல் வந்து போன வருஷம். உயிர் தப்பியது, காது போய்விட்டது. அதற்கு முன் அவள் வண்ணாரப்பேட்டைக்குத் தனியாகப் போய்த் துணி எடுத்து வருகிறவள். மீன்காரியோடு பேரம் பேசினால் தெருவே நின்று கேட்கும். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு நாள் பின்னால் வந்த ஜட்கா குதிரைவண்டியின் சத்தம் கேட்காமல் தெரு நடுவில் நடந்தாள். சக்கரம் புடவையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றோடு அவள் வெளியே போவதை நிறுத்தினாள். வீட்டுக்குள்ளும் யாராவது சொல்லாமல் வந்து பின்னால் நிற்பார்களோ என்ற பயம். சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருந்த அம்மியை நகர்த்தித் தரும்படி கேட்டாள். இருவருமாக அதை வாசற்கதவுக்கு எதிரே கொண்டுவந்து போட்டோம். அதன் பிறகு அவள் அரைத்தது, காய் நறுக்கியது, தலை வாரியது எல்லாம் கதவைப் பார்த்தபடியே. மத்தியானம் கண் அயர்வதுகூட இல்லை. என் நாட்குறிப்பில் அன்றைக்கு 'அம்மி இடம் மாறியது' என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு நாய் இருந்தால் கதவை அது பார்த்துக்கொள்ளும், இவள் முதுகைத் திருப்பலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குச் சொல்லாமல் வாங்கிப் போய்க் கையில் கொடுக்க எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். என் வழக்கப்படி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன்: குட்டி எங்கே படுக்கும், காலையில் என்ன, மாலையில் என்ன. வரிசையாகச் சொன்னேன். அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"குட்டி அழுதா அவங்களுக்குக் கேக்காதே, குமாஸ்தா ஐயா. பசிக்கு அழும், வயித்து வலிக்கு அழும். நீங்க ஆபீஸ்ல கீறப்ப இன்னா பண்ணுவாங்க?"

"கண்ணால பாத்துப்பாங்க."

"நீங்க இங்க வந்துகீறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கையில குடுத்தா சந்தோசப்படுவாங்க."

அம்மாள் சிரித்தார். உள்ளே போய், பூப்போட்ட பீங்கான் தட்டில் உலர்ந்த திராட்சை போட்ட கேக்கும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். என் சட்டையின் வெளுப்பைப் பாராட்டினார். "உங்க வூட்டுக்குன்னு ஒரு குட்டி இருந்தா நானே சொல்லி அனுப்பறேன்" என்று கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

எதிர்ச்சாரியில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த ஜட்காக்காரர் கூப்பிட்டார்.

"இன்னா மாமு, கேக்கு துன்னியா?"

"ஆமா. நல்ல கேக்கு."

"போச்சு! உனுக்குக் குட்டி கெடையாது."

"அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"அது எங்க சொல்லும்? கேக்கு குட்த்தா வூட்டுக்குப் போன்னு அர்த்தம். குட்டி குடுக்கறதா இருந்தா நாய் துன்ன சட்டியக் கையில குட்த்து, தேய்ச்சுக் குடுன்னும். பத்து வருசமா இங்கதான பாத்துகினு கீறேன்."

தெரு முழுவதற்கும் தெரிந்த இது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

வீட்டில் என் வேட்டியில் ஒட்டியிருந்த வெள்ளை மயிரை மனைவி பார்த்துவிட்டாள். ஜாடையிலும், முடியாததைச் சிலேட்டில் எழுதியும், எல்லாம் சொன்னேன், கேக் உட்பட. காது போனதிலிருந்து அவள் குரல் உரத்துவிட்டது.

"எனுக்கு நாயி, என்னியக் கேக்காமலா? நான் வரேன்."

அடுத்த ஞாயிறு என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஜட்காவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நடக்கும்போது நாலு தடவை திரும்பிப் பார்த்தாள்.

நாங்கள் போனபோது கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் நின்றது. தோல்மண்டி வியாபாரி ஒருவர், துறைமுகத்துத் துரை ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கக் குட்டி வேண்டும் என்று வந்திருந்தார். அம்மாள் எங்களையும் உட்காரச் சொல்லிவிட்டு, அவரிடம் பேச்சைத் தொடர்ந்தார்.

"இதுக்கு மின்ன நாய் வளத்துகீறீங்களா, பாய்?"

"ரெண்டு மூணு இருந்திச்சும்மா."

"எப்டி செத்துச்சுங்க?"

"அது தோட்டக்காரனுக்குத்தான் தெரியும்."

அம்மாள் எழுந்து உள்ளே போனார். பூப்போட்ட தட்டு வந்தது. என் மனைவி அதைப் பார்த்ததும், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாக நினைத்து, வீடு அதிரச் சொன்னாள்:

"ஐயோ பாவம், இவருக்குக் கேக்கு வந்துடிச்சி!"

எனக்கு வியர்த்துவிட்டது. வியாபாரியோ மகிழ்ந்துபோய், "வாங்கம்மா, நீங்களும் துன்னுங்க" என்று தட்டை நீட்டினார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டிய வேகத்தைப் பார்த்து அம்மாள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு திரும்பி, துரைக்கு வெள்ளைப் பூனை நல்ல பரிசு, புரசைவாக்கத்தில் கிடைக்கும் என்று பொறுமையாக வழி சொன்னார். அவர் சலாம் போட்டு, பெரிய உபகாரம் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டே காரில் ஏறினார். ஒரு பொய் சொல்லவில்லை. ஒரு மனம் நோகவில்லை. ஆபீஸில் எத்தனையோ துரைகள் மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்படி மறுக்க ஒருவருக்கும் தெரியாது.

பிறகு எங்களைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். சாக்கு விரிப்பில் தாய்நாய் படுத்திருந்தது. ஐந்து குட்டிகள். என் மனைவி அனுமதி கேட்கவில்லை. முதலில் தாயின் மூக்குக்கு நேரே கையை நீட்டி, அது முகர்ந்து முடிக்கும் வரை வைத்திருந்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்தாள். ஒரு குட்டி தானாக வந்து மடியில் ஏறியது. அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். குட்டி ஏதோ முனகியது. பக்கத்தில் நின்ற எனக்கே லேசாகத்தான் கேட்டது.

"அழுவுது" என்றாள் உரக்க. "கையில தெரியுது. பசி." தூக்கித் தாயின் மடியில் சேர்த்தாள். அது முட்டிக் குடிக்கத் தொடங்கியது.

அம்மாள் சற்று நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. பீங்கானா, வேறா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் மனைவிக்கு அந்தச் சத்தமும் இல்லை. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், வீட்டில் பார்ப்பது போல.

அம்மாள் வந்தார். கையில் சோறு காய்ந்து ஒட்டிய அலுமினியச் சட்டி. அதற்குள் தேங்காய் நாரும் சாம்பலும். அவள் முன்னால் வைத்து, தேய்ப்பது போல ஜாடை காட்டினார்.

அவள் அந்தச் சட்டியைத் தேய்த்தது போல எங்கள் வீட்டுப் பாத்திரம் எதையும் தேய்த்ததில்லை.

திரும்பும்போது அம்மாளிடம் கேட்டேன், இது என்ன வழக்கம் என்று.

"ஒருத்தர ஒண்ணும் குடுக்காம எப்டி திருப்பி அனுப்பறது? கேக்காவது துன்னுட்டுப் போவட்டும். குட்டி வாங்கறவங்க நம்ம வூட்டு ஜனம். வூட்டு ஜனத்துக்கு இன்னாத்துக்கு உபசாரம்?"

குட்டி பால் மறந்து எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, சாயங்காலங்களில் அம்மாள் வந்து பழக்கினார். நான் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டும். அது ஓடிப்போய் என் மனைவியின் முந்தானையைப் பல்லால் இழுக்க வேண்டும். பிடிபட நாளாயிற்று. ஒரு முந்தானை கிழிந்தது. பிடிபட்ட பிறகு வாசலில் காக்கை உட்கார்ந்தால்கூட இழுத்தது. ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது வாசலுக்கு எதிரே தரை காலியாக இருந்தது. எதிர்ச்சாரி ஜட்காக்காரரைக் கூப்பிட்டு, அம்மியை ஜன்னலுக்குக் கீழே போடச் சொல்லியிருக்கிறாள்.

அன்று அம்மாளும் வந்தார். கதவுக்கு முதுகைக் காட்டி என் மனைவி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நாய் ஓடி முந்தானையை இழுத்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த முருங்கைக்கீரை முறத்தைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டு, "உருவுங்க" என்றாள்.

அம்மாள் கவுனை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தார்.